காத்திருந்து உண்ணும் விருந்து



என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், "தங்கச்சி வருகின்ற மாதம் முதல் நன்மை எடுக்கிறாள்" என்றொரு வாக்கியம் இருந்தது. கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது முன்வாங்கிலிருந்த ஒரு பையன், "நன்மைய எப்படி சேர் எடுக்கிறது? அது செய்யிறதுதானே?" என்று கேட்டான்.

இலக்கண வழியில் அவன் கேட்டது சரியான கேள்விதான். நன்மை என்பது பண்புப் பெயர். பண்பைக் கையில் வாங்க முடியாது. வாயில் இடவும் முடியாது. ஆனால், கத்தோலிக்கத் தமிழர் தலைமுறை தலைமுறையாக நன்மையை வாங்கியும் உண்டும் வருகின்றனர். பூசையிலே குருவானவர் கையிலிருந்து பெறும் சிறு அப்பத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. ஏட்டில் எழுதும்போது அதையே 'நற்கருணை' என்பர். அந்த நற்கருணையின் பொருள் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன். இறம்பொடையிலே இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் சைவன் ஒருவனுக்கு இதிலென்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். என் வகுப்பிலே திருநீறு பூசிய பிள்ளையும் சிலுவை அணிந்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய சொல்லின் பொருள் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தமிழாசிரியனின் கடமைகளுள் ஒன்று என்று நினைக்கிறேன்.

முதலிற் சொற்களை நோக்குவோம். போர்த்துக்கேயர் காலத்துக் குருமார் சமயச் சொற்கள் பலவற்றைத் தம் மொழியிலிருந்து அப்படியே எடுத்துத் தமிழ் எழுத்தில் எழுதினர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலில் அத்தகைய சொற்களைக் காணலாம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலியின் காலத்திலிருந்து நிலைமை மாறியது. பூசை, பிரசாதம், குரு, வேதம் முதலிய நம் கோயிற் சொற்கள் கிறித்தவ வழக்கில் நிலைபெற்றன. நற்கருணைக்குச் 'சற்பிரசாதம்' என்ற பெயரும் அவ்வழியில் வந்ததே. புரட்டஸ்தாந்தர் 'இராப்போஜனம்' என்றனர். யேசு தம் சீடரோடு இறுதியாக உண்டது ஓர் இரவுணவு என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. இன்று அவர்களிடையே பெரிதும் வழங்குவது 'திருவிருந்து'.

இந்தத் திருவிருந்து என்ற சொல்லில் ஒரு கணம் நிற்க வேண்டும். விருந்து என்பதற்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியர் காலத்து வழக்கு அது. பின்னர் அது புதிதாய் வந்த மனிதரைக் குறித்தது. முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவரே விருந்து. அவருக்கு இடும் உணவுக்கு அப்பெயர் வந்தது அதற்கும் பின்னர்தான். சாவாமருந்தே ஆனாலும் விருந்தினரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியே உண்பது தகாது என்று வள்ளுவர் விருந்தோம்பலில் சொன்னதும் இந்தப் பொருளில்தான். ஆகவே, திருவிருந்து என்று சொல்லும் தமிழ்க் கிறித்தவர், தம்மை அறியாமலே, வாசலில் நிற்கும் அந்நியரையும் அச்சொல்லோடு சேர்த்து அழைத்துவிடுகிறார்.

இனிச் சடங்கின் கதைக்கு வருவோம். பாஸ்கா என்னும் யூதப் பெருவிழாக் காலத்தில், தாம் பிடிபட்ட இரவிலே, யேசு சீடரோடு பந்தியமர்ந்தார். அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பிட்டுக் கொடுத்து, அது தமது உடல் என்றார். கிண்ணத்தைக் கொடுத்து, அது தமது இரத்தம் என்றார். தம் நினைவாக இதைச் செய்யும்படி பணித்தார். மத்தேயு, மாற்கு, லூக்கா என்னும் மூவர் நற்செய்திகளிலும் இச்செய்தி உண்டு. யோவான் அந்த இரவை விரிவாக எழுதியும் அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றி அவ்விடத்தில் எதுவும் கூறவில்லை. யேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவியதை அங்கே வைக்கிறார். ஏனையோர் உணவைக் காட்டிய இடத்தில் யோவான் ஊழியத்தைக் காட்டினார்.

அந்த அப்பம் உண்மையில் என்ன ஆகிறது என்பதில் கிறித்தவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. புறத்தோற்றம் அப்பமாகவே இருக்க, உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் இதை மீண்டும் உறுதிசெய்தது. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்றார் லூத்தர். அது நினைவுகூரலே என்றார் சுவிங்கிலி. 1529இல் ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் இவ்விருவரும் கூடி விவாதித்து, ஏனைய பொருள்கள் பெரும்பாலானவற்றில் உடன்பட்டும் இந்த ஒன்றில் உடன்பட இயலாமற் பிரிந்தனர். ஒன்றுசேர்க்க வேண்டிய உணவே பிரிவுக்குக் காரணமாயிற்று. இதில் யார் கருத்துச் சரி என்று கூற நான் உரியவனல்லன். எல்லாப் பிரிவினரும் ஏற்றுக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. ஒரே அப்பத்திற் பங்கு பெறுவதால், பலராகிய நாம் ஒரே உடலாகிறோம் என்பதே அது. கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுலடியார் எழுதிய முதல் மடலில் இக்கருத்து வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலே அவ்விடத்தில் 'ஐக்கியம்' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. இறைவனோடு ஒன்றாதலை ஐக்கியம் என்று கேட்டுப் பழகிய சைவச் செவிக்கு அது புதிய சொல் அன்று. ஆனால், பவுலடியார் கேட்கும் ஐக்கியம் மேலே மட்டும் பார்ப்பதன்று. பக்கத்தில் இருப்பவரையும் பார்ப்பது.

கி.பி. 55 அளவில் எழுதப்பட்ட அந்த மடல் நற்செய்திகளுக்கும் முற்பட்டது. அதாவது, இறுதி இரவுணவு பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு கண்டனத்தின் நடுவிலேதான் கிடைக்கிறது. கொரிந்து ஒரு துறைமுக நகரம். சபையார் வசதியுள்ளோரின் வீடுகளில் மாலையிற் கூடி உண்டனர். செல்வர் நேரத்தோடு வந்து உண்டு குடித்து முடித்தனர். இல்லாதோர் வந்து பார்த்தபோது ஒன்றுமிருக்கவில்லை. அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிந்து பிந்தி வந்ததே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் பலர் விளக்குவர். ஒருவர் பசித்திருக்க மற்றவர் வெறித்திருந்தார் என்கிறார் பவுலடியார். இல்லாதவரை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று தீர்ப்புக் கூறுகிறார்.

இது எவ்வளவு கடுமையான தீர்ப்பு என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அப்பத்திற் குறையில்லை. சொன்ன மந்திரத்திற் பிழையில்லை. செய்தவர் தகுதி பற்றியும் பேச்சில்லை. காத்திருக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அந்தச் சடங்கு சடங்கே அல்லாமற் போயிற்று. முடிவில் அவர் விதித்த பரிகாரமும் மிக எளியது. உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அது.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது நம் பழமொழி. விளையாட்டாகச் சொல்வதுதான் என்றாலும், தமிழர் சமூகத்தின் ஒரு பெரிய உண்மை அதில் அடங்கியுள்ளது. பந்தி என்பது நம்மிடையே வெறும் உணவு வரிசை அல்ல. முதற்பந்தியில் யார், கடைசிப்பந்தியில் யார், யார் வீட்டுச் சமையலை யார் தொடுவார், யார் பந்திக்கே வரலாகாது என்பவற்றாற் சாதி தன்னை நாள்தோறும் எழுதிக்கொண்டது. பந்திக்கு முந்தும் இந்தச் சமூகத்துக்குள், காத்திருந்து உண்ண வேண்டிய விருந்து வந்து சேர்ந்தபோது என்ன நடந்தது? இக்கேள்விக்கு விடை தஞ்சாவூரில் இருக்கிறது.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதிலிருந்து சோழநாட்டிற் புரட்டஸ்தாந்தச் சபைகள் தோன்றின. அவற்றிலே வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட சாதியார் வேறு பக்கமுமாக அமர்ந்தனர். இராப்போஜனம் வழங்கும்போது வேளாளர் முதலிலும் மற்றவர் பின்னரும் பெற்றனர். ஆண்டவர் ஒருவர், அவருடைய பந்தியிலும் முந்தியோர் பிந்தியோர் என்ற வரிசை இருந்தது. தொடக்க காலப் போதகர் பலர் இது சமூக வழக்கு, மெல்ல மாறும் என்று பொறுத்துக்கொண்டனர். 1826இல் திருச்சிராப்பள்ளியில் மறைந்த பிஷப் ஹீபரும் இதில் மென்மையான போக்கையே விரும்பினார். அவருக்குப் பின் கல்கத்தாவில் பிஷப்பாயிருந்த டானியல் வில்சன் அவ்வாறு எண்ணவில்லை. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனடியாகவும் அறுதியாகவும் கைவிட வேண்டும் என்று 1833 ஜூலையில் ஒரு சுற்றுமடல் விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1835இல் அவரே தஞ்சாவூருக்கு வர வேண்டியதாயிற்று.

இந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றவர்களுள் ஒருவரைத் தமிழ் இலக்கியம் கற்றவர் எளிதிற் கடந்து போக முடியாது. அவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. இவர் அவருக்கு முற்பட்டவர். 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் நண்பர். 'பெத்லெகேம் குறவஞ்சி'யைப் பாடியவர். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவத்தைக் கிறித்தவப் பொருளுக்கு அவர் ஆண்ட திறம் இன்றும் வியக்கத்தக்கது.

சாஸ்திரியார் 1829இல் சாதி பற்றி ஒரு நூல் எழுதினார். சாதி உலக ஒழுங்கு, அதற்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை, அதைக் கலைக்கப் போதகருக்கு உரிமையில்லை என்பது அவர் தரப்பு வாதம். ஐரோப்பியரிடையே உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லையா என்ற கேள்வியும் அத்தரப்பிலிருந்து எழுந்தது. அது நியாயமான கேள்வி. புதிய போதகர்மீது அவருக்கு வேறு மனக்குறைகளும் இருந்தன. தாம் ஓதி வளர்ந்த வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், ஆராதனையிலே தமிழ்ப் பாட்டை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று அவர் வருந்தினார். தமிழ்ப் பாட்டுக்காக அவர் வாதாடிய பக்கங்களை நினைக்கும்போது என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. அந்நிய மண்ணிலிருந்து வந்தவர் நம் இசையை வாசலுக்கு வெளியே வைத்தால் எந்தத் தமிழ்ப் புலவருக்குத்தான் பொறுக்கும்?

ஆயினும், அதே புலவர் அதே மூச்சில் வேறு சிலரை வாசலுக்கு அருகே நிறுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறவஞ்சி இலக்கியத்தின் அழகு எங்கே இருக்கிறது? கூடையும் கோலுமாக மலையிலிருந்து இறங்கி வரும் குறத்தி தடையின்றித் தலைவியின் முன் வந்து நிற்கிறாள். உயர்குலத் தலைவி தன் கையை அவள் கையில் கொடுத்துக் குறி கேட்கிறாள். பாட்டில் அந்தக் குறத்தியை நடுமேடையில் நிறுத்திய கவிஞர், கோயிலிலே அவளைப் போன்றவர்கள் கிண்ணத்துக்குப் பிந்தி வரட்டும் என்றிருந்தார். கவிதை கண்ட உண்மையைக் கவிஞர் காணவில்லை. நல்ல இலக்கியம் எழுதியவர் எல்லாவற்றிலும் நல்ல பக்கமே நின்றிருப்பார் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் அது உண்மையாகாது.

காலம் இதற்கொரு விடை தந்திருக்கிறது. சாஸ்திரியாருடைய கீர்த்தனைகளை இன்று தமிழ்ச் சபைகள் பாடுகின்றன. பாடுவோருள் பெருந்தொகையினர் அன்று கிண்ணத்துக்குப் பிந்தி நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் சாஸ்திரியாரைத் தள்ளிவிடவில்லை. அவருடைய தமிழைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஒரு பந்தி எவ்வாறு விரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பிஷப் வில்சன் பக்கமும் முழு வெற்றி இருந்ததாகச் சொல்வதற்கில்லை. மேலிடத்து ஆணையாற் பலரை ஒரே பாயில் அமரச் செய்யலாம். உடன் உண்ணும் மனத்தை ஆணையிட்டு உண்டாக்க முடியாது. மேலும், அவருடைய நாட்டவர் இந்தியாவிலும் இலங்கையிலும் நடத்திய ஆட்சியிலே நிறத்தாலும் பதவியாலும் பந்திகள் பிரிந்தே கிடந்தன.

அந்தப் பிரிந்த பந்திகளுள் ஒன்று நம்முடைய மலையகம். தஞ்சாவூரிலே கிண்ணத்தைப் பற்றிய வழக்கு நடந்த அதே 1830களில்தான் கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். வந்தவர்களுட் பெரும்பாலோர் ஊரிலே கடைசிப் பந்திக்கு உரியவர்களாக வைக்கப்பட்டவர்கள். கடலையும் காட்டையும் அவர்கள் ஒன்றாகவே கடந்தார்கள். நோயும் சாவும் சாதி பார்க்கவில்லை. ஆனால், வந்து சேர்ந்த இடத்திலே கங்காணி தன் சாதியையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தார். இந்தச் சாதிக்கு மேட்டு லயம், அந்தச் சாதிக்குப் பள்ளத்து லயம் என்று வரிசை பிரிந்த தோட்டங்கள் பல.

1854இல் தோட்டத் துரைமாரின் பண உதவியுடன் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. உபதேசிமார் தோட்டந்தோட்டமாக நடந்து மக்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்தனர். அவர்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மலையகத்தில் ஏழைப் பிள்ளை கையில் முதலிற் புத்தகம் கொடுத்தவர்களுள் அவர்களும் அடங்குவர். ஆனால், அந்த மிஷனின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் இருந்தது. பந்திக்கு அழைக்கும்போதே வேலையின் பெயரால் அழைத்த விருந்து அது. துரை ஒரு கோயிலிலே ஆங்கிலத்தில் ஆராதித்தார். தொழிலாளி வேறிடத்திலே தமிழில் ஆராதித்தார். அப்பம் ஒன்றேயென்று இருவரும் கற்றிருந்தனர். ஒரே மேசையில் அவர்கள் சந்தித்தது அரிது.

அப்பம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோதுமையும் திராட்சையும் விளையாத மலை இது. இருந்தும் இங்குள்ள மக்களுக்குக் கோதுமை மா அந்நியமான பொருளன்று. காலையில் மலைக்குப் போகும் பெண் துணியில் முடிந்து கொண்டுபோவது ரொட்டியைத்தான். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே அந்த மாவும் இல்லாமற் போய்த் தோட்டங்களிற் பலர் பசியால் மாண்டனர். அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ரொட்டியின் ஒரு துண்டைப் பிட்டுப் பங்கிடுவது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இன்றைய கத்தோலிக்கப் பூசையிலே அப்பத்தை ஒப்புக்கொடுக்கும் செபத்தில், அது நிலத்தின் விளைவு என்பதோடு மனித உழைப்பின் பயன் என்பதும் சொல்லப்படுகிறது. உழைத்த கை பசித்திருக்க, உழைப்பின் பயன் மட்டும் பலிபீடத்துக்கு வரலாமா என்ற கேள்வி அந்தச் செபத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கேள்வியை உரத்துக் கேட்டவர் நம் நாட்டுக் குருவானவர் திஸ்ஸ பாலசூரிய. நற்கருணையையும் மானிட விடுதலையையும் பற்றி 1977இல் அவர் எழுதிய ஆங்கில நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. இத்தனை நூற்றாண்டுகளாக வாரந்தோறும் இந்த விருந்தை உண்டு வந்த மக்கள் எவ்வாறு பிற நாடுகளைக் கொள்ளையிட்டார்கள், எவ்வாறு ஏழைகளை ஏழைகளாகவே வைத்திருந்தார்கள் என்பதே அதன் உட்கேள்வி. பவுலடியார் கொரிந்தியரிடம் கேட்டதையே அவர் உலகத் திருச்சபையிடம் கேட்டார். வேறொரு நூல் காரணமாக 1997இல் அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 2013இல் மறைந்தார்.

இன்னொருவர் அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ. ஊவாவிலே புத்தளைக்கு அண்மையில் உள்ள அலுகலவிட்ட என்னும் பௌத்த சிங்களக் கிராமத்தில், ஏழை விவசாயிகளோடு அவர்களில் ஒருவராக வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை பூசை வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். எல் சல்வதோர் நாட்டுப் பேராயர் ஒஸ்கார் ரொமேரோவும் ஏழைகளுக்காகப் பேசியமைக்காக 1980 மார்ச் 24இல் பூசை செய்துகொண்டிருக்கையிற் சுடப்பட்டார். உடலும் இரத்தமும் என்று வாயாற் சொல்லுவது எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதை இவ்விருவர் முடிவும் காட்டுகின்றன.

இவை பெரியோர் கதைகள். நான் கண்ணாற் கண்ட சிறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதித் தோட்டமொன்றிலுள்ள சிறு கோயிலுக்கு, கத்தோலிக்க நண்பர் ஒருவர் அழைப்பின் பேரிற் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய வியாழன் பூசைக்குப் போயிருந்தேன். யேசு சீடரின் கால்களைக் கழுவியதை அன்று குருவானவர் செய்து காட்டுவார். பெண்களின் கால்களையும் கழுவலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் அனுமதி வழங்கியதன் பின்னர் நடந்தது இது. பூசை ஐந்து மணிக்கு என்றார்கள். ஐந்தரையாகியும் தொடங்கவில்லை. மழையாற் கொழுந்து நிறுவை பிந்திவிட்டது. பெண்கள் இன்னும் மடுவத்தில் நிற்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார். குருவானவர் அங்கி அணிந்தபடியே வாசற்படியில் வந்து அமர்ந்துகொண்டார். பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குப் பிறகே பெண்கள் வந்தார்கள். வீட்டுக்குப் போய் உடைமாற்ற நேரமில்லை. அட்டை கடித்த தழும்பும் சேறுமாக இருந்த கால்களை அவர் நீர் வார்த்துக் கழுவித் துடைத்தார். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி கூச்சத்தாற் காலை இழுத்துக்கொண்டார். "பரவாயில்லை அம்மாயி, குடுங்க" என்றார் குருவானவர்.

நற்கருணை வழங்கியபோது நான் எழுந்து போகவில்லை. திருமுழுக்குப் பெற்று அந்தச் சபையோடு ஒன்றியிருப்போருக்கே அது வழங்கப்படும். அவர்கள் விதி அது. அதை நான் மதிக்கிறேன். எல்லாரையும் அழைக்கும் விருந்துக்கும் ஒரு வேலி இருக்கிறதே என்ற எண்ணம் எனக்குள் எழாமலில்லை. நண்பரிடம் கேட்டேன். "அந்தக் கேள்வி எங்களுக்குள்ளேயும் இருக்கு சேர்" என்றார் அவர். பூசை முடிந்ததும் வெளியே எல்லோருக்கும் தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்தார்கள். மேட்டு லயம், பள்ளத்து லயம், சைவர், வேதக்காரர் என்று பாராமல் ஒரே வாளியிலிருந்து வார்த்தார்கள். காத்திருங்கள் என்ற பவுலடியாரின் சொல்லுக்கு நான் கண்ட உரைகளுள் அந்த வாசற்படியைவிடத் தெளிவான உரை வேறில்லை.

நேயர்களே, மற்றொரு சமயத்தாரின் குறைநிறைகளைச் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. நம் வீட்டுப் பந்தியையும் சற்றுப் பார்ப்போம். கலியாண வீட்டுக்குப் போகிறோம். மொய் எழுதுகிறோம். மணமக்களை வாழ்த்துகிறோம். "சாப்பிட்டுப் போங்க" என்று கைகூப்பி அழைத்தால், வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு போத்தல் சோடாவை மட்டும் குடித்துவிட்டு வருகிறோம். ஏன் சோடா? அது அந்த வீட்டு அடுப்பில் வேகவில்லை. அந்த வீட்டுக் கிண்ணத்திலும் இல்லை. கொடுத்தவருக்கும் காரணம் தெரியும், குடித்தவருக்கும் தெரியும். இருவரும் சிரித்துக்கொண்டே விடைபெறுகிறார்கள். 1835இல் தஞ்சாவூரில் நடந்தது பழைய கதை என்று நாம் எண்ணியிருக்க, அந்தக் கதை மூடி திறந்த போத்தலாக நம் கையிலேயே இருக்கிறது. அன்னதானப் பந்தியிலும் யார் முதலில் அமர்வது, யார் பரிமாறுவது என்ற வரிசை எல்லா இடங்களிலும் மறைந்துவிட்டதென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலுமா?

நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பூரி ஜகந்நாதர் கோயிலின் மகாபிரசாதத்தை அடியார் சாதி பாராமற் சேர்ந்து உண்பதை மரபாகவே கொண்டுள்ளனர். மணிமேகலையின் அமுதசுரபி வந்தவரின் குலத்தைக் கேட்கவில்லை. பசியை மட்டுமே கேட்டது. சீக்கியர் கோயிலின் பொது உணவுக்கூடத்தில் அரசனும் ஆண்டியும் ஒரே தரையில் அமர வேண்டும். மனிதரை ஒன்றாக்க விரும்பிய பெரியோர் எல்லாரும் கடைசியில் உணவுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். கொள்கையில் ஒன்றென்று சொல்வது நாவுக்கு எளிது. உடன் அமர்ந்து உண்ணும்போதுதான் நாம் யாரை நம்முடைய உடலாக எண்ணுகிறோம் என்பது வெளிப்படும்.

நன்மையை எடுக்க முடியுமா என்று கேட்ட மாணவனுக்கு, முடியும் என்றே விடை கூறினேன். எடுத்ததைப் பிட்டுப் பக்கத்திலிருப்பவருக்கும் கொடுத்தாற்றான் அதற்கு நன்மை என்ற பெயர் நிலைக்கும் என்பது கிறித்தவர் நற்கருணையிலிருந்து நான் கற்றுக்கொண்ட பொருள். ஆவணி பிறந்தால் நம் தோட்டங்களிற் கலியாணங்கள் தொடங்கிவிடும். அழைத்தவர் வீட்டு இலையில் அமர்வோம். பிந்தி வருபவர் வந்து சேரும்வரை சோற்றிற் கைவைக்காமல் இருப்போம்.